ஃப்ரிட்ஜ் ஏன் ‘டிக்’ என்கிறது? ஐந்து கிராம் பீங்கான் வில்லையின் கதை

“காற்று அடித்ததில் அரை நிமிஷம் கரண்ட் போய் வந்தது. அப்போதிலிருந்து ஃப்ரிட்ஜில் லைட் எரிகிறது, கூலிங் இல்லை. பின்பக்கம் ‘ம்ம்ம்’ என்று கொஞ்ச நேரம் முனகிவிட்டு ‘டிக்’ என்று அடங்கிவிடுகிறது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே சத்தம். வந்து பார்த்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்கிறார். ஏற்றலாமா?” கொளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ், ஸ்கூட்டரில் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. எங்காவது ஓட்டை விழுந்து கசிந்தால் மட்டுமே குறையும். அப்படிக் குறைந்தால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நிற்காது. குளிர்ச்சி வராததால் ஓய்வே எடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். முனகிவிட்டு அடங்குகிற கம்ப்ரசருக்குக் கோளாறு கேஸில் இல்லை, மின்சாரத்தில். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ வீடுகளில் நல்ல குழாயை அறுத்து, தேவையில்லாமல் கேஸ் ஏற்றிப் பணம் வாங்குகிறார்கள். இது தடுக்கக்கூடிய அநியாயம்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருப்பது. கத்திரி வெயில் காலமென்றால் பத்து நிமிஷம். பிறகு செருகிப் பாருங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும். லைட்டே எரியவில்லை என்றால் அதே பிளக் பாயிண்டில் மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள், எம்.சி.பி (மின்பெட்டியில் தானாக விழும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லைட் எரிந்து, முனகலும் இல்லாமல் முழு மௌனமாக இருந்தால் தெர்மோஸ்டாட் குமிழ் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையாக இருந்தால் பனி உருக்கும் நேரமாக இருக்கலாம். அப்போது அரை மணி நேரம்வரை கம்ப்ரசர் தானாகவே நின்றிருக்கும், அது கோளாறு அல்ல.

இனி அந்த ‘டிக்’.

கம்ப்ரசருக்குள் இருப்பது ஒற்றை ஃபேஸ் மோட்டார். மூன்று ஃபேஸ் இருந்தால் காந்தப்புலம் தானாகவே சுழலும், சுழலியும் கூடவே ஓடும். நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருவது ஒரே ஃபேஸ். அது உண்டாக்கும் காந்தப்புலம் சுழலாது, முன்னும் பின்னும் துடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சுழலியைத் தொடர்ந்து ஓட்ட அது போதும். நிற்கிற சுழலியைக் கிளப்ப அதனால் முடியாது. ஊஞ்சலை முதலில் யாராவது ஒருமுறை தள்ளிவிட வேண்டும் அல்லவா, அதுபோலத்தான். அந்தத் தள்ளலைத் தர மெல்லிய கம்பியில் இரண்டாவதாக ஒரு சுற்று உண்டு, ஸ்டார்ட்டிங் வைண்டிங். மோட்டார் வேகம் பிடித்ததும், ஒரு விநாடிக்குள், அதற்குப் போகும் கரண்ட்டை நிறுத்தியாக வேண்டும். தொடர்ந்து ஓடினால் அந்தக் கம்பி கருகிவிடும்.

யார் நிறுத்துவது? கம்ப்ரசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கறுப்பு நிறச் சின்னப் பெட்டி. மெக்கானிக்குகள் அதை ரிலே என்பார்கள். திறந்து பார்த்தால் அசைகிற பாகம் எதுவும் இருக்காது. ஒரு ரூபாய் நாணயம் அளவில், சற்றுத் தடிமனாக, சாம்பல் நிறத்தில் ஒரு பீங்கான் வில்லை, இரண்டு பக்கமும் அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடுகள். அவ்வளவுதான். வீட்டிலுள்ள மின்சாதனங்களில் இவ்வளவு அழகாகச் சிந்திக்கப்பட்ட பொருள் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

வில்லை பேரியம் டைட்டனேட் என்ற பொருளால் ஆனது. சுத்தமாக இருந்தால் அது மின்கடத்தாப் பொருள். லாந்தனம் போன்ற தனிமங்களை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்து சுட்டால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அறை வெப்பத்தில் வில்லையின் மின்தடை ஏறத்தாழ 15 முதல் 33 ஓம்வரை, மாடலைப் பொறுத்து மாறும். 22 ஓம் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். கம்ப்ரசர் கிளம்பும்போது ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் 4 ஆம்பியர் பாய்கிறது என்றால், வில்லையில் உண்டாகும் வெப்பம் 4 × 4 × 22, அதாவது 352 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒரு நாணயத்துக்குள்! வில்லையின் எடை சுமார் 5 கிராம். ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க அரை ஜூல் போதும். ஆக, 35 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குப் போக 212 ஜூல் தேவை. 352 வாட்டில் அதற்கு ஆகும் நேரம் 0.6 விநாடி. மோட்டார் வேகம் பிடிக்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

120 டிகிரியில் என்ன நடக்கிறது? அதற்குக் கீழே, ஒவ்வொரு படிகக் கூண்டிலும் டைட்டானியம் அயனி நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். அதனால் படிகத்துக்குள் இயல்பாகவே ஒரு மின்முனைப்பு (ஒரு பக்கம் ப்ளஸ், மறுபக்கம் மைனஸ்) உண்டு. பீங்கான் ஒரே படிகம் அல்ல, கோடிக்கணக்கான நுண்மணிகள் ஒட்டியது. மணிக்கும் மணிக்கும் இடையிலான எல்லையில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு, வருகிற எலக்ட்ரான்களைத் தடுக்கும் சுவர்போல நிற்கின்றன. படிகத்தின் மின்முனைப்பு அந்தச் சுவரைச் சரிக்கட்டிவிடுவதால் கரண்ட் எளிதாகத் தாண்டிப் போகிறது. 120 டிகிரியைத் தாண்டியதும் டைட்டானியம் நடுவுக்கு வந்துவிடும், முனைப்பு மறைந்துவிடும். சரிக்கட்ட ஆளில்லாமல் சுவர்கள் எழும்பிவிடும். சில பத்து டிகிரிக்குள் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏறும். ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்குக் கரண்ட் நின்றதுபோலத்தான். இந்த எல்லைச் சுவர் விளக்கத்தின் அடிப்படையை ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் ஹைவாங் 1961-ல் வெளியிட்டார். சுவிட்ச் இல்லை, தேய்மானம் இல்லை, தீப்பொறி இல்லை. வெப்பமே கணக்கு, வெப்பமே கட்டளை.

பேரியம் டைட்டனேட்டின் மின்சாரத்தைத் தேக்கும் விசேஷ குணம் 1940-களின் போர்க்காலத்தில் தெரியவந்தது. அப்போது தேடியது ஃப்ரிட்ஜுக்கான பாகத்தை அல்ல, மின்தேக்கிகளில் மைக்காவுக்கு மாற்றாக ஒரு பொருளை. உலகத்துக்கு மைக்கா பெருமளவில் போனது இந்தியாவிலிருந்துதான். அன்றைய பீகாரும் நம் சென்னை மாகாணத்து நெல்லூரும் அதற்குப் பேர்போன இடங்கள். பொருள் நம்மிடம் இருந்தது, பொருளின் அறிவியல் வேறு நாட்டு ஆய்வகங்களில் வளர்ந்தது. “இதனால் உடனே என்ன லாபம்?” என்று கேட்டுக்கொண்டே பீங்கான் ஆராய்ச்சிக்கும் படிக ஆராய்ச்சிக்கும் மூன்று வருஷத் திட்டப்பணம் மட்டும் கொடுத்தால் இதே நிலைதான் நீடிக்கும். இருபது வருஷம் பொறுக்கிற பணம் வேண்டும்.

வில்லைக்கு ஒரு பலவீனமும் உண்டு. கம்ப்ரசர் ஓடும் நேரம் முழுக்க அது சூடாகவே இருக்க வேண்டும். அதற்கு 2, 3 வாட் செலவாகிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் ஆறுவதற்கும் சில நிமிஷம் ஆகும். அரை நிமிஷத்தில் கரண்ட் திரும்பி வந்தால், சுவர்கள் இன்னும் எழும்பியே நிற்கின்றன. ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்குக் கரண்ட் போகாது, தள்ளிவிட ஆளில்லை. அதேசமயம் குழாயில் இன்னொரு தடை. இப்போது வரும் ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓடும்போது கம்ப்ரசரின் ஒரு பக்கம் காற்றழுத்தத்தைவிடக் குறைவான அழுத்தம், மறுபக்கம் காற்றழுத்தத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு. இரண்டும் சமமாக ஒரே வழி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள நீளமான கேப்பிலரி குழாய். அதற்குள் வழிந்து சமமாக மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை பிஸ்டன் அழுத்தத்துக்கு எதிராக முட்டி நிற்கிறது.

நகராத மோட்டாரின் மெயின் வைண்டிங், வழக்கமானதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதுதான் முனகல். பக்கத்திலேயே இருக்கும் ஓ.எல்.பி-க்குள் (ஓவர்லோட் ப்ரொடெக்டர், கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் பாகம்) இரட்டை உலோகத் தட்டு ஒன்று உண்டு. சூடானதும் குழிந்த தட்டு எதிர்ப்பக்கம் மடங்கி, இணைப்பைத் துண்டிக்கும். அதுதான் ‘டிக்’. ஆறியதும் திரும்ப இணைக்கும், திரும்ப முனகும், திரும்ப டிக். கோளாறைச் சொல்லும் சத்தம் மட்டுமல்ல, உங்கள் கம்ப்ரசரைக் காப்பாற்றுகிற சத்தமும் அது. ஆனால் மணிக்கணக்கில் அப்படியே விட்டால் ஓ.எல்.பி-யும் களைத்துவிடும், வைண்டிங் கருகும். பிளக்கைப் பிடுங்கச் சொல்வது அதற்காகத்தான். மூன்று நிமிஷத் தாமதம் வைத்த ஸ்டெபிலைசர் இதே வேலையைத் தானாகச் செய்கிறது.

வோல்டேஜையும் பாருங்கள். மே மாத இரவில் தெருவே ஏசி போட்டிருக்கும்போது 230-க்குப் பதில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால், கிளப்பும் விசை 78 சதவீதமாக அல்ல, 61 சதவீதமாகக் குறையும். விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது.

பத்து நிமிஷம் காத்திருந்தும், வோல்டேஜ் சரியாக இருந்தும், டிக் தொடர்ந்தால் பெட்டியைக் கழற்றிப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் கெபாசிட்டர் இருந்தால் அதன் முனைகளைத் தொடவே வேண்டாம். எலக்ட்ரிக் வேலை பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கம்ப்ரசரில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுவாலை படம் இருந்தால் உள்ளே இருப்பது எரியும் வாயு. குழாயில் கை வைக்கக் கூடாது, பக்கத்தில் நெருப்பு கூடாது.

கழற்றிய ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்றால் வில்லை உடைந்துவிட்டது, ஆயுள் முடிந்தது. சத்தம் இல்லையென்றால் நன்றாக ஆறவிட்டு, வில்லையின் இரண்டு பக்க முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். சில பத்து ஓம் காட்டினால் நல்லது, எதுவும் காட்டாவிட்டால் போனது. ஓ.எல்.பி ஆறிய நிலையில் பூஜ்யத்துக்கு அருகே காட்ட வேண்டும். கம்ப்ரசரில் தெரியும் மூன்று பின்கள் காமன், ஸ்டார்ட், ரன். காமன்-ரன் குறைந்த ஓம், காமன்-ஸ்டார்ட் சற்று அதிகம், ஸ்டார்ட்-ரன் அந்த இரண்டின் கூட்டுத்தொகை. கணக்கு சரியாக வந்து, எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டாமல் இருந்தால் வைண்டிங் நலம். ரிலே, ஓ.எல்.பி இரண்டும் சில நூறு ரூபாய். கம்ப்ரசர் ஆயிரக்கணக்கில். இந்த அளவு எடுக்காமல் “கம்ப்ரசர் போச்சு” என்பவரை நம்ப வேண்டாம். புது ரிலே அதே ஓம் மதிப்பில் இருக்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் முனைகள் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் கோளாறே அதுதான்.

ஃப்ரிட்ஜைத் தட்டினால் ஓடும் என்ற நம்பிக்கை பழைய காலத்தில் உண்மை. அன்றைய ரிலேயில் காந்தம் தூக்கும் தொடுமுனை இருந்தது, ஒட்டிக்கொண்டால் தட்டி விடுவிக்கலாம். இன்றைய வில்லையில் அசையும் பாகம் இல்லை, தட்டிப் பயனும் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் வில்லையே கிடையாது, எலக்ட்ரானிக் போர்டுதான் மோட்டாரைக் கிளப்புகிறது. அங்கே போர்டின் லைட் எத்தனை முறை கண்சிமிட்டுகிறது என்று எண்ணி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். போர்டின் சூட்டுக்கு வந்து ஒண்டும் பல்லியும் கரப்பானும் ஷார்ட் ஆக்குவதுண்டு. 2015, 2023 டிசம்பர்போல வீட்டுக்குள் வெள்ளம் வந்தால், முதலில் நனைவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் இந்த ரிலேதான். முழுக்கக் காயவைத்து, ரிலேயை மாற்றி, வைண்டிங்குக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் இடையே அளந்து பார்க்காமல் செருகக் கூடாது.

சரியாகும்வரை உள்ளே இருப்பவை? கதவைத் திறக்காவிட்டால் கீழ்த்தட்டுகள் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48, பாதி நிரம்பியது 24 மணி நேரம். சென்னை சமையலறைச் சூட்டில் இவற்றைச் சற்றுக் குறைத்தே எண்ணுங்கள். பாலை உடனே காய்ச்சிவிடலாம். மாவு புளிக்கும், அவ்வளவே. பழைய சோற்றையும் மீனையும் மட்டும் திரும்பக் கொதிக்க வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியா விட்டுப்போகும் நச்சில் ஒரு வகை கொதித்தாலும் அழியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் குளிர் விட்டதும் சேரும் ஹிஸ்டமின் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். வாசனையும் மாறாமல் இருக்கலாம். முகம் சிவந்து, அரித்து, தலை வலித்த பிறகுதான் தெரியும். இன்சுலினை ஐஸ் மீது நேராக வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் பயன்படாது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைத்து, எத்தனை நாள் அப்படி இருக்கலாம் என்று மருந்தின் அட்டைப்பெட்டியிலுள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.