அணு ஆபத்தும் டெல்டா மக்களின் உரிமையும்: சட்டம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

புயல் நிவாரணம், வெள்ள இழப்பீடு, பயிர்க் காப்பீடு ஆகியவற்றின் நடைமுறை காவிரி டெல்டா விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) எது பதிவாகியிருக்க வேண்டும், கணக்கெடுப்புக்கு யார் வருவார்கள் என்பதை 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட எந்தக் குடும்பமும் சொல்லும். ஆனால், அணுகுண்டு வெடிப்போ கதிரியக்க விபத்தோ நேர்ந்தால் அரசின் கடமை என்ன என்பது ஊர்களில் பேசப்படாத பொருளாகவே இருக்கிறது. பேசியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு அடிப்படையாக இரண்டு சட்டங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்கையால் வருவதை மட்டுமல்லாமல் மனிதரால் வரும் பேரழிவையும் 'பேரிடர்' என்றே வரையறுக்கிறது. அதன்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இல் அணு மற்றும் கதிரியக்க அவசரநிலைகளுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மற்றொன்று 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம். எதிரித் தாக்குதலிலிருந்து மக்களையும் உடைமைகளையும் காக்கும், போர் அல்லாத ஏற்பாடுகள் இதன் கீழ் வருகின்றன. 2025 மே 7 அன்று கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்த ஒத்திகை இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

இனி, கிடைக்காததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்குவதற்கு மத்திய அரசு வகுத்துள்ள பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, தீ, பூச்சித் தாக்குதல் போன்றவை இருக்கின்றன. அணு விபத்தோ போரோ இல்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிகளும் போராலும் அணு ஆபத்தாலும் வரும் இழப்பை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே, சம்பா பயிருக்கு உரிய காலத்தில் பிரீமியம் கட்டியிருந்தாலும், வயலில் கதிரியக்கத் தூசி படிந்து நெல் பயனற்றுப் போனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தரக் கடமைப்பட்டதல்ல. அணுமின் நிலைய விபத்து இழப்பீட்டுக்கெனத் தனிச் சட்டம் உண்டு; மேலே சொன்ன இரண்டு சட்டங்கள் இங்கே தருவது முதன்மையாக முன்னெச்சரிக்கை, தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், மீட்பு ஆகியவற்றையே. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மக்கள் இந்த வேறுபாட்டை இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

ஆபத்து எவ்வளவு? அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது; அவற்றிடம் சுமார் 12 ஆயிரம் குண்டுகள் உள்ளன. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கையை இந்தியா 2003 ஜனவரியில் முறைப்படி அறிவித்தது. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று தத்தம் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. இவை ஆறுதல் தரும் செய்திகள். என்றாலும், போர் வந்தால் தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய சுகோய் போர் விமான அணி தஞ்சாவூரில் 2020 முதல் நிலைகொண்டுள்ளது. கல்பாக்கம் அணுமின் நிலையம் நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மழையோ காற்றில் மிதக்கும் தூசியைத் தரைக்கு இறக்கிவிடும். நிகழும் வாய்ப்பு குறைவுதான். விளைவு மிகப் பெரிது என்பதால் அதைப் புறந்தள்ள முடியாது என்பதே என் கருத்து.

உயிர் பிழைப்பதற்கான வழிமுறையின் சாரம், முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் இருப்பதுதான். வானில் பேரொளி தெரிந்தால் சன்னலருகே போய்ப் பார்க்கக் கூடாது. 20 கிலோமீட்டரில் வெடித்த குண்டின் அதிர்வலை வந்துசேர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் என்பதால், பார்த்துக்கொண்டிருப்பவர் மீதுதான் கண்ணாடி சிதறும். அதன்பின் விழும் தூசியே நமக்கு முதன்மையான ஆபத்து. அதன் வீரியம், நேரம் ஏழு மடங்காகும்போது பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது: வெடித்த ஒரு மணி நேரத்தில் 1,000 என்றிருப்பது ஏழு மணி நேரத்தில் 100 ஆகவும், இரண்டு நாளில் 10 ஆகவும் இறங்கிவிடும். புயல் ஓய்ந்ததும் தென்னந்தோப்பைப் பார்க்கவும் மாட்டை அவிழ்க்கவும் ஓடுவது நம் பழக்கம். இங்கே அந்த முதல் சில மணி நேரம்தான் மிகக் கொடியது.

கூரை வீடும் ஓட்டு வீடும் கதிர்வீச்சைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பக்கத்தில் காங்கிரீட் வீடு இருந்தால் அதன் நடு அறையிலும், மாடிக் கட்டடப் பள்ளி என்றால் தரைத்தளத்தின் நடுவிலும், சுவரையும் சன்னலையும் விட்டு விலகித் தங்க வேண்டும். கடலோரத்தில் தூண்கள் மேல் எழுப்பிய புயல் பாதுகாப்பு மையங்களில், கீழே திறந்து கிடக்கும் தளம் இதற்குப் பயன்படாது. வெளியிலிருந்து வந்தவர் மேலாடையைக் கழற்றினாலே உடலில் ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். ஆடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தள்ளி வைத்துவிட்டு, சோப்புப் போட்டு, தோல் சிராய்க்காமல் குளிக்க வேண்டும். அதற்குக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரும், மூடிவைத்த நீரும் ஏற்றவை. குதிரில் மூடியிருக்கும் நெல்லும் டப்பாவில் இருக்கும் அரிசியும் உண்ணத் தக்கவை. திறந்த வெளியில் மேய்ந்த பசுவின் பாலை அதிகாரிகள் சோதித்துச் சொல்லும்வரை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தரக் கூடாது. புல்லில் படியும் கதிரியக்க அயோடின் பால் வழியாகவே தைராய்டைச் சென்றடைகிறது. அயோடின் மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும், அதையும் அரசு அறிவித்த பிறகே உட்கொள்ள வேண்டும். அயோடின் கலந்த உப்பை அள்ளித் தின்பதால் எந்தப் பயனும் இல்லை.

அபாயச் சங்கு ஏறி இறங்கி ஒலித்தால் எச்சரிக்கை. ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நிவாரணம் வழங்குவதில் சாதி, மதம், பாலினம் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு சொல்கிறது. முகாமில் தண்ணீருக்கும் உணவுக்கும் தனி வரிசை வைக்கப்பட்டால் இந்தப் பிரிவைக் காட்டி ஆட்சியரிடம் முறையிடலாம். பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி உண்டாக்குவோருக்கு 54ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாட்சப்பில் வருவதை அப்படியே அனுப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்பித் தீர்மானமாகப் பதியச் செய்யலாம்: நம் மாவட்டத் திட்டத்தில் கதிரியக்க அவசரநிலை இடம்பெற்றிருக்கிறதா, நம் ஊராட்சியில் தங்குவதற்குரிய காங்கிரீட் கட்டடங்கள் எவை, கூரை வீடுகளில் இருப்போரை அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது.