“செல் விழுந்த நாளிலிருந்து கேட்காது, டொக்டர்”

வன்னியில் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கில் இருப்பவர்களுக்கு இந்த வசனம் பழக்கம். 2009இல் போர் நடந்தபோது பக்கத்தில் செல், அதாவது எறிகணை, விழுந்தது, அதோடு ஒரு காது போய்விட்டது என்பார்கள். அதற்காக வந்திருக்கவும் மாட்டார்கள், பேரப்பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில் போகிற போக்கில் சொல்வார்கள். போன காதுக்கு என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள். அந்த முடிவைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

செல் காதைக் கெடுக்கும், அதில் சந்தேகமில்லை. வெடிப்பின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உட்காதில் சத்தத்தை உணரும் மயிர்க்கலங்களையும் அழிக்கும். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக மூடிக்கொள்ளும், மூடாததை ஒப்பரேசன் செய்து ஒட்டலாம். மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப வராது, ஆனால் அதற்கும் காதுக்கருவி இருக்கிறது. இதில் உங்களுக்கு எது என்று காதுக்குள் பார்க்காமல் எப்படித் தெரியும்?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் கேட்டதற்கெல்லாம் மகள்தான் பதில் சொன்னார். செல்லில் போனது என்று சொன்ன இடது காதில் ஒரு பஞ்சு, கறுத்து இறுகிப் போயிருந்தது. எடுத்ததும் அறை முழுக்க நாற்றம்.

“சீழ் வடியுது எண்டு ஏனம்மா சொல்லேல்ல?”

“அது சின்னனில இருந்தே வடியிறதுதானே, டொக்டர்.”

அந்த அம்மாவின் காதை மெல்ல மெல்லக் கெடுத்தது செல் இல்லை, கொலஸ்டியடோமா. செவிப்பறையின் தோல் உள்ளே மடிந்து வளர்ந்து, நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகளையும் சுற்றியுள்ள எலும்பையும் அரிக்கிற நோய் அது. வலி பெரிதாக இருக்காது, நாற்றமுள்ள சீழ் மட்டும் விட்டு விட்டு வரும். கவனிக்காமல் விட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம், மூளைக்குள் சீழ் கட்டலாம். ஒப்பரேசனுக்கு அனுப்பினோம். கேட்கும் திறனை மீட்பது அதற்கு அடுத்த வேலை, முதலில் உயிராபத்தை அகற்ற வேண்டும்.

வடிகிற காது பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்குகிறது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் கட்டையாக, ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும், அதனால் தடிமன் சுலபமாகக் காதுக்குப் போய்விடுகிறது. போத்தல் பால் கொடுப்பதென்றால் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள், தலையை உயர்த்திப் பிடியுங்கள். காது வடிந்தால் உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய், தாய்ப்பால், இதெல்லாம் உள்ளே விடுவதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். ஓட்டை விழுந்த காதுக்குள் எதை ஊற்றினாலும் அது நேரே நடுக்காதுக்குப் போய்விடும். குளிக்கும்போது வாஸ்லின் தடவின பஞ்சை வைத்துவிட்டு, குளித்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் முழுகுவது வேண்டாம்.

இன்னொரு வகை இருக்கிறது, அது சத்தம் போடாமல் வரும். சீழும் இல்லை, வலியும் இல்லை, செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி ஒரு திரவம் தேங்கி நிற்கும். பிள்ளை ரீவியைக் கூட்டி வைக்கும், பள்ளிக்கூடத்தில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்று பெயர் வாங்கும். பலருக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும், வற்றாவிட்டால் வைத்தியம் உண்டு. அடிக்கமுன், ஏசமுன் ஒருக்கா காதைப் பார்க்கச் சொல்லி ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

காதுக்குறும்பி அடைத்துக் கேட்காமல் வருகிறவர்களும் நிறையப் பேர். துளிமருந்து விட்டு இளக்கி எடுத்தால் சரி. சட்டைப்பின், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம்.

அரிசி மில், ரக்ரர், மருந்தடிக்கிற மெசின் என்று நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணித்தியாலம் நிற்கலாம், அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபெல்லுக்குப் போனால் கால் மணித்தியாலம்தான். அளக்கக் கருவி தேவையில்லை, ஒரு கை தூரத்தில் நிற்கிறவரோடு கத்தித்தான் கதைக்க முடிகிறதென்றால் காதுக்கவசம் போட வேண்டிய இடம் அது. சில மருந்துகளும் உட்காதைத் தாக்கும், ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுகிற நாட்களில் காது இரைந்தால் உடனே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று. படுத்து எழும்பும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, வலி இல்லை. தண்ணி போயிருக்கும், குறும்பியாக இருக்கும் என்று நினைத்து இரண்டு மூன்று கிழமை காத்திருந்துவிட்டு வருகிறார்கள். இதற்கு ஸ்டீராய்ட் மருந்து முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் கிடைக்கும், இரண்டு கிழமை தாண்டினால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். அன்றைக்கே வாங்க, கிளினிக் நாள் வரும்வரை பொறுக்க வேண்டாம்.

சரி, செல்லில் போன காது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் வாங்க. வரமுன் காதைத் துடைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், பஞ்சு இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பஞ்சின் நிறமும் மணமும் எனக்குப் பாதி விசயத்தைச் சொல்லும்.