மதிப்பெண்ணில் மறைந்தது சம்பளத்தில் தெரிந்தது

1985-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. 79 பள்ளிகளில், ஐந்து வயதுக் குழந்தைகளை மழலையர் வகுப்புகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துவிட்டது. சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர். மற்றவற்றில் 22 முதல் 25 பேர். யாருக்கு எந்த ஆசிரியர் என்பதும் குலுக்கல்தான்.

நல்ல மழலையர் வகுப்பு பிள்ளையின் பிற்கால வாழ்வை மாற்றுமா? குலுக்கல் இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினம். வசதியுள்ள பெற்றோர் நல்ல ஆசிரியரைத் தேடிப் பிள்ளையைச் சேர்ப்பார்கள். பின்னாளில் பிள்ளை முன்னுக்கு வந்தால், காரணம் பள்ளியா வீடா என்று எப்படிப் பிரிப்பது?

தேர்வுகளை மட்டும் பார்த்தால் கதை சப்பென்று முடிகிறது. நல்ல வகுப்பில் இருந்தவர்கள் அந்த ஆண்டு முந்தினார்கள். எட்டாம் வகுப்புக்குள் அந்த முன்னிலை ஏறக்குறையக் கரைந்துவிட்டது. ஆனால் 2011-ல் ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதே குழந்தைகளின் வருமான வரிப் பதிவுகளைப் புரட்டினார்கள். கரைந்தது 27 வயதுச் சம்பளத்தில் மீண்டும் தலைகாட்டியது! பத்தாண்டுக்கு மேல் அனுபவமுள்ள ஆசிரியரிடம் மழலையர் வகுப்பில் படித்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அனுபவம்தான் காரணமா, அத்தனை ஆண்டு அந்த வேலையில் தாக்குப்பிடிப்பவர்களின் குணமா என்பது தனிக் கேள்வி. வகுப்பு சிறியதாக இருந்தது கல்லூரிச் சேர்க்கையைச் சற்று உயர்த்தியது. சம்பளத்தில் தெளிவான வித்தியாசம் காட்டவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பலன் எங்கே இருந்தது? நான்காம் வகுப்பு ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்களில் தடயம் இருக்கிறது. பிள்ளை முயன்று பார்க்கிறதா, தானாக முன்வருகிறதா, பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறதா என்ற கேள்விகள் அவை. நல்ல மழலையர் வகுப்பின் பலன் இவற்றில் மங்கவில்லை. எட்டாம் வகுப்பிலும் தெரிந்தது.

இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். எழுத்தையும் எண்ணையும் பிந்தியவர்களும் சில ஆண்டுகளில் பிடித்துவிடுவார்கள். ஒரே கத்தரிக்கோலுக்கு நான்கு பேர் கை நீட்டும்போது தன் முறை வரும்வரை இருக்கப் பழகுவது, கோணலாக வெட்டிய காகிதத்தைக் கசக்கி எறியாமல் இன்னொரு முறை முயல்வது, இவற்றை யாராவது பக்கத்தில் அமர்ந்து, பொறுமையாகத்தான் பழக்க வேண்டும். தேர்வுத்தாளில் இதற்குக் கேள்வி கிடையாது.

மிச்சிகனின் இப்சிலான்டி நகரில் 1962-ல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளியிலும் இதே விசித்திரம். ஆய்வில் இருந்த ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேர். அவர்களில் 58 பேருக்குப் பள்ளி கிடைத்தது. அவர்களுடைய நுண்ணறிவு ஈவு உயர்ந்து, சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. நாற்பது வயதிலோ அவர்களுடைய வருமானம் கூடுதல், கைதுகள் குறைவு. அங்கே ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்தார்கள். பலனில் எவ்வளவு வகுப்பறையுடையது, எவ்வளவு அந்த வீட்டுத் திண்ணையுடையது என்று பிரித்தெடுக்க அந்த ஆய்வில் வழியில்லை.