டெட்ராய்ட்டை வெளியேற்றியது யார்?

நியூ ஜெர்சியில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பையனைக் கூட்டிக்கொண்டு சாமர்செட் பேட்ரியாட்ஸ் என்ற உள்ளூர் பேஸ்பால் அணியின் ஆட்டங்களுக்குப் போகிறவர், வீட்டில் நியூயார்க் யாங்கீஸ் ஆட்டத்தை டிவியில் பார்க்கிறவர். செப்டம்பர் வந்துவிட்டால் புள்ளிப் பட்டியலில் ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் எலிமினேஷன் நம்பர் என்று ஒன்று போடுகிறார்களே, அது 3 என்று இருக்கும்போதே பக்கத்து சீட்டுக்காரர் "இவங்க கதை முடிஞ்சுபோச்சு" என்று அடித்துச் சொல்கிறாராம். பட்டியல் சரியா, பக்கத்து சீட்டு சரியா?

பக்கத்து சீட்டுக்காரர் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவர் அனுபவத்தில் சொல்கிறார், ஆனால் அதற்குப் பின்னால் நல்ல கணிதம் இருக்கிறது.

முதலில் பட்டியல் போடும் கணக்கு. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள். 162-உடன் ஒன்றைக் கூட்டி, அதிலிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும் நம் அணியின் தோல்விகளையும் கழித்தால் வருவது எலிமினேஷன் நம்பர். அவர்கள் ஜெயித்தாலும் ஒன்று குறையும், நாம் தோற்றாலும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முன்னணி அணியின் பக்கமிருந்து பார்த்தால் இதே எண்ணுக்குப் பெயர் மேஜிக் நம்பர். ஐபிஎல் சீசனில் மே மாதம் கால்குலேட்டரோடு உட்கார்ந்த எவருக்கும் இது புதிதல்ல.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது நம் அணியையும் ஒரே ஒரு எதிரணியையும் மட்டும் பார்க்கிறது. அந்த எதிரணி மிச்ச ஆட்டங்களை யாரோடு ஆடப்போகிறது என்று கேட்பதே இல்லை.

மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் இந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். சாமர்செட் ஆடுவது அதில் டபுள்-ஏ என்ற மட்டம். அங்கே 138 ஆட்டங்களை 69, 69 என்று இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் டிவிஷனில் (லீகின் உட்பிரிவு) முதலில் வரும் அணிக்குத்தான் பிளேஆஃப் இடம் (ஒரே அணி இரண்டு பாதியையும் ஜெயித்தால் விதி வேறு). 2021-லிருந்து பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள், திங்கள் ஓய்வு. பயணச் செலவை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு, கடைசி வாரக் கணக்கை அது எப்படி மாற்றும் என்று பாருங்கள். ஒரு கற்பனை உதாரணம்: அ, ஆ இரண்டு அணிகளும் 40 வெற்றி 23 தோல்வியில் நிற்கின்றன, கடைசி ஆறு ஆட்டங்களும் அவற்றுக்குள்ளேயே. இ அணி 36 வெற்றி 27 தோல்வி, அதற்கும் ஆறு ஆட்டம் வேறு யாரோடோ. பட்டியல் கணக்குப்படி இ-யின் எண் 70 − 40 − 27, அதாவது 3. ஆறையும் ஜெயித்தால் 42, அ இப்போது 40-ல்தானே இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அ-வும் ஆ-வும் ஆடும் ஆறு ஆட்டங்களில் ஆறு வெற்றிகள் பிறந்தே ஆக வேண்டும், அவை அந்த இருவரில் ஒருவரிடம்தான் போக வேண்டும். 80-உம் 6-உம் சேர்த்து 86, சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு 43. இ-யின் கதை ஆறு ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. மழை வந்து சில ஆட்டங்கள் ரத்தானால்? வெற்றி விகிதம் பார்ப்பார்கள், அதிலும் அ, ஆ இருவரில் ஒருவர் இ-க்கு மேலேதான் இருப்பார். போட்டுப் பாருங்கள்.

மேஜர், மைனர் லீகுகளில் டிரா கிடையாது, சமநிலை என்றால் கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒரு ஆட்டம், ஒரு வெற்றி. அது காணாமல் போகாது, யாராவது ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும். இயற்பியலில் ஆற்றல் அழியாது என்கிறோமே, அதற்குச் சமமான விதி இங்கே இதுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். கணினி அறிவியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்படும் பிரபலமான அட்டவணை இது: 1996 ஆகஸ்ட் 30, அமெரிக்கன் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பகுதிகளில் ஒன்று) கிழக்கு டிவிஷன். நியூயார்க் 75 வெற்றி, பால்டிமோர் 71, பாஸ்டன் 69, டொராண்டோ 63, டெட்ராய்ட் 49 (டெட்ராய்ட் அப்போது கிழக்கில் இருந்தது, பிறகுதான் மத்திய டிவிஷனுக்கு மாறியது). டெட்ராய்ட்டுக்கு 86 தோல்வி, 27 ஆட்டம் பாக்கி. அத்தனையும் ஜெயித்தால் 76. நியூயார்க் 75-ல் நிற்கிறது. பட்டியல் கணக்கு 163 − 75 − 86, அதாவது 2. உயிர் இருக்கிறது என்கிறது பட்டியல்.

சரி, டெட்ராய்ட்டுக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துப் பார்ப்போம். 27-ஐயும் அது ஜெயிக்கட்டும் (மேஜர் லீகில் தோல்வியே இல்லாத நீண்ட ஓட்டம் 1916-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்த 26 வெற்றிகள், ஆக இதுவே ஒரு உலக அதிசயமாக இருந்திருக்கும்). மற்ற நால்வரும் டிவிஷனுக்கு வெளியே ஆடும் எல்லா ஆட்டங்களிலும் தோற்கட்டும். டெட்ராய்ட் முதலிடத்தைக் குறைந்தபட்சம் பகிர வேண்டுமானால் யாரும் 76-ஐத் தாண்டக்கூடாது. அப்படியானால் நியூயார்க் இன்னும் 1 ஜெயிக்கலாம், பால்டிமோர் 5, பாஸ்டன் 7, டொராண்டோ 13. மொத்தம் 26 வெற்றிகளுக்கு இடம் இருக்கிறது.

இந்த நால்வரும் தங்களுக்குள் ஆட வேண்டியவை: நியூயார்க் பால்டிமோரோடு 3, பாஸ்டனோடு 8, டொராண்டோவோடு 7. பால்டிமோர் பாஸ்டனோடு 2, டொராண்டோவோடு 7. கூட்டினால் 27.

இடம் 26-தான். ஒரு வெற்றி எங்கேயும் உட்கார முடியாமல் நிற்கிறது. டெட்ராய்ட் அன்றே வெளியே.

இதில் ரசிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. நால்வரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது பிடிபடுகிறது. நியூயார்க்கையும் பாஸ்டனையும் மட்டும் எடுங்கள்: இடம் 8, ஆட்டம் 8, கச்சிதமாகப் பொருந்துகிறது. பால்டிமோரைச் சேருங்கள்: இடம் 13, ஆட்டமும் 13, மறுபடியும் கச்சிதம்! டெட்ராய்ட் ரசிகர் இங்கே பெருமூச்சு விடலாம். நான்காவதாக டொராண்டோவைச் சேர்த்தால்தான் கணக்கு உடைகிறது. 63 வெற்றி 72 தோல்வியோடு யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அணி அது. ஆனால் முன்னணி அணிகளோடு அதற்கு 14 ஆட்டம் பாக்கி, அது ஜெயிக்க அனுமதி உள்ளதோ 13. டெட்ராய்ட்டின் கதவைச் சாத்தியதில் கடைசித் தள்ளு முதலிடத்து நியூயார்க்குடையது இல்லை, நான்காம் இடத்து டொராண்டோவுடையது. எந்தப் பட்டியலிலும் இது தெரியாது.

நான்கு அணிகள் என்றால் 15 கூட்டணிகளைக் கையால் சோதிக்கலாம். ஒரு லீகில் இன்று 15 அணிகள், நம்மைத் தவிர 14, கூட்டணிகள் 16 ஆயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும் சோதிக்காமல் சரியான கூட்டணியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1966-ல் பெஞ்சமின் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை வேறொரு பழைய கேள்வியாக மாற்றலாம் என்று காட்டினார். ஒரு வலையமைப்பில் அதிகபட்சம் எவ்வளவு பாய முடியும் என்பதுதான் அந்தக் கேள்வி.

ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 27 அலகு தண்ணீர், பாக்கி ஆட்டத்துக்கு ஒன்று வீதம். ஏரியிலிருந்து ஐந்து மதகுகள், தங்களுக்குள் ஆட்டம் பாக்கியுள்ள ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று. நியூயார்க்–பாஸ்டன் மதகில் 8 அலகு போகும். ஒவ்வொரு மதகிலிருந்தும் இரண்டு வாய்க்கால் பிரிந்து அந்த இரண்டு அணிகளின் வயலுக்குப் போகிறது, யார் ஜெயித்தாலும் தண்ணீர் அவர் வயலுக்கு. வயலின் கொள்ளளவு நாம் மேலே போட்ட 1, 5, 7, 13. ஏரி முழுவதும் வடிந்தால் டெட்ராய்ட்டுக்கு உயிர் இருக்கிறது, ஒரு சொட்டு தேங்கினாலும் போச்சு.

தண்ணீரை விட்டுப் பார்ப்போம். முதலில் அவசரப்பட்டு நியூயார்க்கின் ஒரே இடத்தை டொராண்டோவுக்கு எதிரான வெற்றிக்குக் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அடுத்து பாஸ்டனோடு ஆடும் 8-உம் பாஸ்டனுக்கே போக வேண்டும், அதன் கொள்ளளவு 7, ஒன்று நிற்கிறது. இங்கேதான் இந்த முறையின் அழகு: அது முன்பு எடுத்த முடிவைப் பின்னோக்கித் திருத்துகிறது. டொராண்டோ பக்கம் கொடுத்த நியூயார்க் வெற்றியைத் திரும்ப வாங்கி டொராண்டோவுக்கே விட்டுவிடு, காலியான இடத்தில் பாஸ்டனின் எட்டாவது ஆட்டத்தை ஊற்று. பிரச்சினை தீர்ந்தது. டொராண்டோவுக்கு இப்போது நியூயார்க்கிடமிருந்து 7, இன்னும் 6 இடம், பால்டிமோரோடு ஆடும் ஏழில் ஆறை அது எடுத்துக்கொள்ளட்டும், ஒன்று பால்டிமோருக்கு. நியூயார்க்கோடு ஆடும் 3-உம் பால்டிமோருக்கு, மொத்தம் 4. பாக்கி பால்டிமோர்–பாஸ்டன் 2. பாஸ்டன் நிரம்பிவிட்டது. பால்டிமோரில் ஒன்றுக்குத்தான் இடம். ஒரு அலகு தேங்குகிறது, அதைத் தள்ள எந்தப் பக்கம் பின்னோக்கித் திருத்திப் பார்த்தாலும் நிரம்பிய வயல்தான் எதிரே வருகிறது.

தேங்கிய இடத்திலிருந்து தேடிப்போனால் எந்தெந்த வயல்களைத் தொட முடிகிறதோ, அந்த அணிகள்தான் குற்றவாளிக் கூட்டணி! இங்கே நால்வருமே. முடியாது என்று சொல்வதோடு ஏன் முடியாது என்பதற்கான சாட்சியையும் அதே கையோடு தருகிறது. அதிகபட்சப் பாய்வு எப்போதும் மிகக் குறுகலான வெட்டுக்கு (தண்ணீரை முழுதும் நிறுத்த வெட்ட வேண்டிய வாய்க்கால்களின் மிகக் குறைந்த மொத்தக் கொள்ளளவுக்கு) சமம் என்ற இந்தத் தேற்றத்தை லெஸ்டர் ஃபோர்டும் டெல்பர்ட் ஃபுல்கர்சனும் 1956-ல் வெளியிட்டார்கள்.

அவர்கள் பேஸ்பாலுக்காக இதைச் செய்யவில்லை. அமெரிக்க ராணுவத்துக்கு ஆலோசனை சொன்ன ரேண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களைத் தூண்டியது 1955-ல் ஹாரிஸ், ராஸ் இருவரும் எழுதிய ரகசிய அறிக்கை: சோவியத் ரயில் பாதைகள் வழியே கிழக்கு ஐரோப்பாவுக்கு எவ்வளவு சரக்கு போக முடியும், எங்கே வெட்டினால் எல்லாம் நிற்கும்? அந்த அறிக்கை 1999-ல்தான் ரகசியப் பட்டியலிலிருந்து விடுபட்டது. ரயிலை நிறுத்த நினைத்த கணக்கு பத்தே வருடத்தில் பேஸ்பால் பட்டியலுக்கு வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் "இதனால் சமூகத்துக்கு என்ன பயன்" என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்களே, ஃபோர்டும் ஃபுல்கர்சனும் அந்தப் பத்தியில் என்ன எழுதியிருப்பார்கள்? டெட்ராய்ட் ரசிகர்களின் மன அமைதி என்றா? அந்தப் பத்தியை ஒழித்துவிட்டு ஆளுக்கு ஒரு கரும்பலகை வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு சொல்வது முடியுமா முடியாதா என்பதை மட்டும். எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு சமாச்சாரம், அதற்கு மிச்ச ஆட்டங்களைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடிப்பார்த்துச் சதவீதம் போடுவார்கள். செப்டம்பர் 1-ல் மேஜர் லீக் அணிகள் 26 பேரிலிருந்து 28 பேராக விரியும்போது மைனர் லீக் அணியின் நல்ல ஆட்டக்காரன் மேலே போய்விடுவதெல்லாம் அந்தச் சதவீதத்தைத்தான் மாற்றும். 2011 செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே அணியைவிட 9 ஆட்டம் முன்னால் இருந்த பாஸ்டன், கடைசி நாளான செப்டம்பர் 28 இரவு பால்டிமோரிடம் தோற்றது. சில நிமிடங்களில், 7-0 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே யாங்கீஸை 12-வது இன்னிங்ஸில் வென்று பாஸ்டனின் பிளேஆஃப் இடத்தைத் தட்டிப் பறித்தது. அன்று ரசிகர்கள் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததால்தான் இது நடந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தோற்ற பக்கத்து ரசிகர்கள் தொப்பியைச் சரியாகவா போட்டிருந்தார்கள்?

வாசகருக்கு இன்னும் இரண்டு விஷயம். 2023-லிருந்து மேஜர் லீக் அட்டவணை மாறிவிட்டது. முன்பு டிவிஷனுக்குள் ஒவ்வொரு எதிரியோடும் 19 ஆட்டம், இப்போது 13. உள்ளே பிறக்கும் வெற்றிகள் குறைவு என்பதால் டெட்ராய்ட் மாதிரி மறைமுகமாக வெளியேறுவதும் அரிதாகும், மைனர் லீகின் ஆறு ஆட்டத் தொடர்களில்தான் இனி இந்த வேடிக்கையை அதிகம் பார்க்கலாம். அப்புறம் வைல்ட் கார்டு, அதாவது டிவிஷனில் முதலில் வராமலே பிளேஆஃபுக்குப் போகும் வழி. லீகுக்கு மூன்று பேர் அந்த வழியில் உள்ளே போகலாம் என்றதும் கேள்வி "எல்லோரையும் 76-க்குள் அடக்க முடியுமா" என்பதிலிருந்து "யாரை மட்டும் தாண்ட விடலாம்" என்று மாறுகிறது. அங்கே ஏரிக் கணக்கு மட்டும் போதாது, எந்த அணிகளைத் தாண்ட விடுவது என்ற தேர்வுகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அணிகள் கூடக் கூட அந்தத் தேர்வுகள் பெருகிக்கொண்டே போகும், ஆனால் 15 அணிக்குக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று புள்ளி கொடுக்கும் கால்பந்தில் நிலைமை இன்னும் மோசம், ஆட்டத்துக்கு ஆட்டம் மொத்தப் புள்ளியே மாறுவதால் முதலிடத்துக்கான கேள்விகூடப் பொதுவாகக் கடினமான கணக்குகளின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. அதை 1999-லேயே நிரூபித்திருக்கிறார்கள்.

அடுத்த முறை சாமர்செட் மைதானத்தில் உட்காரும்போது ஒரு துண்டுச் சீட்டில் பையனைப் போடச் சொல்லுங்கள்: நம் அணி எல்லாம் ஜெயித்தால் எத்தனை, அதற்குள் மற்றவர்களுக்கு எத்தனை இடம், அவர்களுக்குள் எத்தனை ஆட்டம். மூன்றாவது எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால், பட்டியல் என்ன சொன்னாலும் சரி, பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு ஹாட் டாக் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.