ஏரித் தண்ணீரில் ஷாக் ஏன் அதிகம்?

கடல் தண்ணீர்தானே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அப்படியிருக்க ஏரியில் மிதக்கும் படகு மேடைக்கு வயரிங் செய்ய எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் பாதி சரி. ஆனால் ஆள் சாவது பெரும்பாலும் நன்னீரில்தான்.

மேடை அலையோடு ஆடுகிறது, கரையிலிருந்து வரும் கேபிள் நாள் முழுக்க வளைந்து நிமிர்கிறது, உறை தேய்கிறது, எர்த் வயரின் ஜாயிண்ட் துருப்பிடித்து விட்டுப்போகிறது. அப்புறம் கசிவு மின்சாரம் இரும்பு ஏணி வழியாகத் தண்ணீரில் இறங்கி, புறப்பட்ட டிரான்ஸ்பார்மருக்கே திரும்பப் பார்க்கிறது. (பூமிக்குள் போய் மறைந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள், பூமி அதற்கு ஒரு வழி மட்டுமே.)

இனிதான் எனக்குப் பிடித்த இடம். நம் உடம்புக்குள் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான். கடல் நம்மைவிடப் பத்து மடங்குபோல நன்றாகக் கடத்தும், ஏரித் தண்ணீரோ நம்மைவிடப் பல மடங்கு மோசமாகக் கடத்தும். அதனால் கடலில் நீந்துபவரைச் சுற்றிலும் அவரைவிட நல்ல பாதை இருக்கிறது; மின்னோட்டம் அவரை விட்டுவிட்டுப் பரவுகிறது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசமும் பெரிதாக எழுவதில்லை. ஏரியிலோ அங்கே இருப்பதிலேயே நல்ல பாதை அந்த மனிதர்தான். சுற்றிலும் பரவி ஓடும் மின்னோட்டக் கோடுகள் வளைந்துவந்து அவர் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகின்றன. பத்துப் பதினைந்து மில்லியாம்பியர் போதும், தசைகள் சொல்பேச்சு கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். உடற்கூறு ஆய்வில் தடயமே கிடைக்காது. உடனே தண்ணீரில் ஏதோ காலைப் பிடித்து இழுத்தது என்று கதை கட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒருவராவது போய் எர்த் இணைப்பைச் சோதித்திருக்கலாம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

விதிக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் 555ஆம் பிரிவு இதற்கானது. 2020 பதிப்பு மிதக்கும் மேடைக்கு ஒரு கற்பனைத் தளம் வரைகிறது: நீர்மட்டத்துக்கு மேல் 762 மில்லிமீட்டர், மேடைத் தரைக்கு மேல் குறைந்தது 305 மில்லிமீட்டர். தண்ணீருக்குள் இயங்குவதற்கென்று செய்யப்படாத கருவிகளும் இணைப்புகளும் பொதுவாக அதற்குக் கீழே வரக்கூடாது. அளவு தண்ணீரிலிருந்து எடுக்கப்படுவதால், வெள்ளம் ஏறினால் இந்தக் கோடும் மேடையோடு சேர்ந்து ஏறும். அழகான யோசனை!

அடுத்தது கசிவுப் பாதுகாப்பு. சாதாரண பிரேக்கருக்கு அரை ஆம்பியர் கசிவு கண்ணிலேயே படாது. போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் ட்ரிப் ஆகும் கருவிதான் வேண்டும். எவ்வளவு வித்தியாசத்துக்குள் ட்ரிப் ஆக வேண்டும்? படகுகளுக்கு மின்சாரம் தரும் சாக்கெட்டுக்கு 30 மில்லியாம்பியர், அதற்கு முந்தைய ஃபீடருக்கு, அதாவது மேடைக்கு மின்சாரம் கொண்டுவரும் பிரதான லைனுக்கு, 100. ஆளைக் காக்கும் கருவிக்கு 5 என்று வைத்துவிட்டு இங்கே ஏன் 30? படகிலுள்ள சார்ஜர், ஃபில்டர் எல்லாம் பழுதில்லாமலே கொஞ்சம் கசியும்; 5 வைத்தால் ஓயாமல் ட்ரிப் ஆகும், கடைசியில் யாராவது எரிச்சலில் கருவியையே கழற்றிவிடுவார்கள். 30இலும் கசிவு தண்ணீரில் பரவுவதால் ஒருவர் உடம்பில் பாய்வது அதில் ஒரு பகுதிதான், என்றாலும் இது சமரசம்தான். மின் இணைப்புள்ள மேடை அருகே குளிக்கவே கூடாது.

தெரியாமல் இறங்கி, உடம்பில் ஊசி குத்துவதுபோல இருந்தால் ஏணியைத் தேடாதீர்கள், மேடையை விட்டு விலகி வந்த வழியே நீந்துங்கள். கரையில் இருப்பவர் முதலில் மெயினை அணைக்க வேண்டும், குதிக்கக் கூடாது.