கவர்னரைத் தொடாதீர்கள்: ஏறி இறங்கி ஓடும் பவர் வீடர் இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியவை

பட்டறைக்கு உடைந்து வரும் பவர் வீடர் (களை எடுக்கும் இயந்திரம்) இன்ஜின்களில் ஒரே கோலம்தான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. கிராங்க் கேஸின் பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இரண்டு துண்டாகிக் கிடக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. வெளியே கவர்னரின் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்துச் சுற்றியிருக்கும் கட்டுக்கம்பி. "வண்டி ஏறி ஏறி இறங்குச்சுண்ணே, கவர்னர் போயிடுச்சுன்னு சொன்னாங்க. கம்பி கட்டினதும் நல்லா இழுத்துச்சு" என்பதுதான் கூடவே வரும் விளக்கம். இன்ஜின் வேகம் தானாகக் கூடிக் குறைவதைத்தான் ஏறி இறங்குகிறது என்கிறார்கள். இந்தச் சாகுபடிப் பட்டத்தில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு கேன் கார்புரேட்டர் கிளீனரும் அரை மணி நேரமும் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் கோளாறு, இன்ஜினையே காவு வாங்கிவிடுகிறது.

இங்கே சொல்வது 6.5, 7 எச்பி ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களைப் பற்றி. ஹோண்டா ஜிஎக்ஸ்200, அதே அமைப்பில் வரும் 170எஃப் ரகங்கள் எல்லாம் இதில் அடக்கம். மஞ்சள், வாழை, காய்கறி வயல்களில் ஓடும் பெட்ரோல் வீடர்களில் பெரும்பாலும் இவைதான். தண்ணீர் பம்பிலும் சிறிய ஜெனரேட்டரிலும் இதே இன்ஜின் இருந்தால் இதே வைத்தியம் பொருந்தும்.

முதலில் அந்தக் கவர்னர் விஷயத்தை முடித்துவிடுவோம். இன்ஜினுக்குள் ஒரு சிறிய பல்சக்கரத்தில் எடைகள் இருக்கின்றன. வேகம் கூடினால் அவை விரிந்து, வெளியே உள்ள கையைத் தள்ளி, திராட்டிலை (காற்று-பெட்ரோல் கலவை போகும் வழியின் கதவு) மூடும். ஸ்பிரிங் அதைத் திறக்கப் பார்க்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் நிற்கும். இப்போது கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளைத் துண்டு) அடைத்திருக்கிறது என்று வையுங்கள். திராட்டில் மூடிய நிலையில் பெட்ரோல் போதவில்லை, வேகம் விழுகிறது. உடனே ஸ்பிரிங் திராட்டிலைத் திறக்கிறது. பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோல் வந்ததும் வேகம் ஜிவ்வென்று ஏறுகிறது. கவர்னர் மூடுகிறது. மறுபடி பட்டினி, மறுபடி இறக்கம். கையும் ஸ்பிரிங்கும் ஆடுவது கண்ணுக்குத் தெரிவதால் பழி அவற்றின் மேல் விழுகிறது. உண்மையில் கவர்னர் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் வண்டி அணைந்துபோகாமல் ஏறி இறங்கியாவது ஓடுகிறது.

ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினால் திராட்டில் திறந்தே இருக்கும், பெரிய ஜெட் வேலை செய்யும், ஏறி இறங்குவது நிற்கும். கோளாறு போனது போலத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 3600 சுற்றில் நிற்க வேண்டிய இன்ஜின் 4500-ஐத் தொடும். வேகம் கால் பங்கு கூடினால் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுவை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அந்த ராடு அலுமினியம். அதில் தனி பேரிங்கும் கிடையாது, ஆயில் பம்பும் கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறிய கரண்டி வாரி இறைக்கும் ஆயில்தான் அதற்கு எல்லாம். அது உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தயவுசெய்து அந்த ஸ்பிரிங்கில் கம்பி கட்டாதீர்கள், வெட்டிக் குட்டையாக்காதீர்கள், வேறு ஓட்டையில் மாட்டாதீர்கள்.

கவர்னர் பக்கம் பார்க்கத் தகுந்தது ஒன்றே ஒன்று. கவர்னர் கையிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய கம்பியோடு ஒட்டியபடி, பேனா ரீஃபில் பருமனில் நீளமான ஒரு சன்ன ஸ்பிரிங் இருக்கும். நெம்புகோல்களின் லூஸை எடுப்பது அதுதான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் "மிச்சம்" என்று அதைக் கீழே போட்டுவிட்டால், ஜெட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி ஏறி இறங்கத்தான் செய்யும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

சும்மா நிற்கையில் ஏறி இறங்குகிறது, மண்ணில் இறக்கியதும் சீராகிவிடுகிறது என்றால் சிறிய ஜெட். சும்மா நிற்கையில் நன்றாக ஓடி, மண்ணில் இறக்கியதும் திணறினால் பெரிய ஜெட், டேங்க் வடிகட்டி, ஏர் ஃபில்டர் இவற்றில் ஒன்று. அரை மணி நேரம் நன்றாக ஓடி அணைந்து, ஆறியதும் மறுபடி ஓடினால் முதலில் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். மூடியைத் தளர்த்தியதும் உயிர் வந்தால் அதுதான் கோளாறு. அதற்கும் அசையவில்லை என்றால், அணைந்த உடனேயே ஸ்பார்க் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சூட்டில் இக்னிஷன் காயில் சாவதும் உண்டு.

அடுத்தது சோக், அதாவது காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் தடுப்பு. ஏறி இறங்கும்போது சோக் நெம்பை மெல்ல பாதி வரை நகர்த்துங்கள். சீரானால் இன்ஜின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது: ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்று உள்ளே புகுகிறது. கறுப்புப் புகை கக்கி இன்னும் மோசமானால் பெட்ரோல் கூடுதல்: ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி உட்காரவில்லை. இது சோதனை மட்டும்தான். "பாதி சோக்குல நல்லா ஓடுதுண்ணே" என்று ஒரு பட்டம் முழுக்க ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக்கில் கரி ஏறும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி கீழே இறங்கி ஆயிலையும் நீர்த்துப்போக வைக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் அந்த ஆயிலை அன்றே மாற்றுங்கள்.

பெட்ரோலே பாதி நோய்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-ல் நாடு அந்த அளவைச் சராசரியாகவே எட்டிவிட்டது. இந்தச் சிறிய இன்ஜின்களின் கையேடுகளில் பலவும் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. காரில் சென்சார் இருக்கிறது, கலவையை அதுவே திருத்திக்கொள்ளும். இதில் இருப்பது துளை மாறாத ஜெட். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே துளை வழியாக எத்தனால் கலந்து வரும்போது காற்று மிஞ்சுகிறது. அதனால் முன்பு தாக்குப்பிடித்த அரைகுறை அடைப்பு இப்போது உடனே வெளியே தெரிகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை, எத்தனால் ஈரத்தை இழுக்கும். களை எடுத்து முடித்து, மாதக்கணக்கில் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் அரை டேங்க் பெட்ரோலோடு நிறுத்தினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போவது டேங்கின் அடியிலிருந்துதான். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் திறந்து, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் வடித்துக் கொட்ட வேண்டியதுதான், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. பழுத்த நிறமும் வார்னிஷ் வாடையும் இருந்தாலும் அப்படியே. 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது) கலந்தால் "இன்ஜினுக்கு நல்லது" என்று ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பிரஷ் கட்டருக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அது பிளக்கில் கரியாக உட்காரும், அவ்வளவுதான்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும் முறை

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடி, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியோ பச்சைப் பாசி போன்ற படிவோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. நடுக் குழாயின் உள்ளே தட்டைத் திருப்புளியால் திருகினால் பெரிய ஜெட் வரும், அதற்கு மேலே உள்ள ஓட்டைக் குழலும் தட்டினால் விழும். அதன் பக்கவாட்டுத் துளைகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு "கார்புரேட்டர் கிளீன் பண்ணியாச்சு" என்று மாட்டிவிடுகிறார்கள். ஏறி இறங்குவதற்குக் காரணமான சிறிய ஜெட்டை அவர்கள் தொடவே இல்லை. அது மேலே, ஐடிலிங் ஸ்குரூவுக்குக் கீழே இருக்கிறது. ஸ்குரூ எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தலையோடு ஒரு சிறு துண்டு இருக்கும், மெல்ல நெம்பினால் வந்துவிடும். அதன் நுனித் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மல்டி ஸ்ட்ராண்ட் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தலாம். ஊக்கு, ஊசி, பிரேக் கேபிள் இழை எதுவும் வேண்டாம், துளை பெருத்தால் பிறகு கலவை என்றைக்கும் சரிவராது. பிறகு அது உட்காரும் குழியிலும் உள்வழிகளிலும் கிளீனர் அடித்து, காற்று விட்டு ஊதுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு துளையில் பீச்சும். ஃப்ளோட், ஊசி, ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கிளீனர் அடிக்க வேண்டும், ரப்பர் உப்பிவிடும்.

மாட்டும்போது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் கறுப்புக் கட்டையும் இருபக்க கேஸ்கட்டுகளும் கழற்றிய அதே திசையில் போக வேண்டும். கேஸ்கட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். அந்த இடத்தில் புகும் காற்று, அடைத்த ஜெட் காட்டும் அறிகுறிகளையே காட்டும்.

பிளக், காற்று, ஆயில்

பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், சுண்ணாம்பு வெளுப்பு என்றால் குறைவு, ஆயில் ஈரம் என்றால் ஆயில் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள் அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். புது பிளக்கைக் கையால் முழுக்கத் திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று மட்டும். காலால் மிதித்து இறுக்கி அலுமினிய ஹெட்டின் மரையைத் தின்ன வைக்காதீர்கள்.

புழுதி பறக்கும் காட்டில் ஏர் ஃபில்டரைத் தினமும் பாருங்கள். ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். ஆயில் கிண்ணம் வைத்த ஃபில்டர் என்றால் குறி வரைக்கும் ஊற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால் மண் நேராகச் சிலிண்டருக்குப் போகும், அந்த இன்ஜினுக்குப் பிறகு சிலிண்டரைக் கடையும் போரிங் வேலைதான். வண்டியை டெம்போவில் ஏற்றும்போது கார்புரேட்டர் பக்கம் கீழே வரும்படி சாய்க்காதீர்கள். ஃபில்டர் ஆயிலில் ஊறி, இறக்கியதும் புகை கக்கும், அதற்கும் கவர்னரைத்தான் திட்டுவார்கள்.

ஆயில் 0.6 லிட்டர். சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் செருகி அளவு பாருங்கள். முதல் முறை 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கை நிறுத்தும் சென்சார் பல இன்ஜின்களில் உண்டு. வரப்பு ஏறும்போதும் சரிவிலும் இன்ஜின் வெட்டி வெட்டி அணைவது பெரும்பாலும் அதன் எச்சரிக்கை. இங்கே ஆயில் ஊற்றாமல் சென்சார் வயரைக் கத்தரித்துவிடுகிறார்கள். வண்டி அணையாமல் ஓடும், ஓடி ஓடி ஒருநாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கார்புரேட்டர் வழியாகப் பட்பட்டென்று எதிர்த்து வெடித்தால் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். ஆறிய இன்ஜினில் இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் டேங்கை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை ஓட்டியே தீர்த்து, கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கடைசியாகக் கயிறு இறுகும் இடம் வரை இழுத்து நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வெயிலில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். மூடி இறுகும் கேனில், வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள்.

கத்தியில் புல் சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் எந்த அவசரமும் செல்லாது.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது எப்போது பெட்ரோல் பிடித்தது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது, சும்மா நிற்கையில் திணறுகிறதா மண்ணில் திணறுகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். கழற்றிய பாகம், உடைந்த ஸ்பிரிங், வடித்த பெட்ரோல் எல்லாவற்றையும் கூடவே எடுத்துவாருங்கள். யாராவது ஏற்கெனவே கவர்னரில் கை வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதை முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே மற்ற சோதனை எதையும் நம்பிச் செய்ய முடியும்.