கண்ணாடி கழுவும் பம்பும் கன்னியாகுமரி உப்புக் காற்றும்

ஐயப்ப சீசன் நெருங்கினால் கன்னியாகுமரி லாட்ஜ்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜன்னல் ஞாபகம் வந்துவிடும். ஆடி, ஆவணிக் காற்றில் கடலிலிருந்து பறந்து வந்த உப்பு கண்ணாடியில் பால் தெளித்தது போலப் படிந்திருக்கும். சூரிய உதயம் தெரியும் என்று கூடுதல் வாடகை வாங்கிய அறையில் சூரியன் மங்கலாகத் தெரிந்தால் யார் சும்மா இருப்பார்கள்?

போன சீசனில் லாட்ஜ் ஜன்னல் கழுவும் வேலை செய்யும் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, பம்பு செத்துட்டு. இது மூணாவது." கம்பெனி சரியில்லை என்று ஒரே புலம்பல். நேரில் போய்ப் பார்த்தேன். குட்டியானையின் இரும்புத் தளத்தில், தண்ணீர் டேங்கை ஒட்டி, பம்பை நட்டுப் போட்டு இறுக்கியிருந்தான். மோட்டார் கீழே, தண்ணீர் ஓடும் தலை மேலே. ஹோஸ் கிளிப்பில் சின்னக் கசிவு. கழற்றினால் மோட்டாருக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிறது! தண்ணீரை இழுத்துத் தள்ளும் டயாஃப்ரம் ரப்பர் புதுசு போலவே இருந்தது.

நீளக் கம்பு பிரஷ்ஷுக்குத் தண்ணீர் ஏற்றும் இந்த 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பை நிமிர்த்தி மாட்டுவதானால் தலை கீழேயும் மோட்டார் மேலேயும்தான் இருக்க வேண்டும். தலையில் என்றாவது ஒருநாள் கசியும். அந்தக் கசிவு தரைக்குப் போனால் ஒரு வாஷர் செலவு, மோட்டாருக்குள் போனால் புதுப் பம்பு. படுக்கை வாட்டில் வைத்தாலும் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, பக்கவாட்டுப் பலகையில் மாட்டுங்கள். அதற்காகப் பெட்டிக்குள் போட்டுத் துணி சுற்றி மூடிவிடாதீர்கள். ஓடும்போது மோட்டார் சூடாகும், காற்று வேண்டும்.

அடுத்தது ரப்பர் கால்கள். அதிர்வைத் தாங்கத்தான் அவை. ஸ்குரூவை முழு பலத்தோடு முறுக்கினால் ரப்பர் அப்பளமாகிவிடும், அதிர்வு அப்படியே வண்டித் தகட்டுக்குப் போகும். சத்தத்தோடு முடிந்தால் பரவாயில்லை, இணைப்புகளும் ஒவ்வொன்றாகத் தளரும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஊர்க்காரர்களுக்கு ரப்பரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. கால் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். பம்பின் இரண்டு பக்கமும் விறைப்பான பிவிசி பைப்பை நேராக மாட்டாமல், அரை மீட்டராவது வளையும் ஹோஸ் கொடுங்கள்.

பம்புக்கு முன்னால், தண்ணீர் இழுக்கும் பக்கத்தில், வலைபோட்ட குட்டி பில்டர் கட்டாயம். பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் பில்டர், அப்புறம் அந்தப் பக்கத்து ஹோஸ் இணைப்புகள். அங்கே காற்று புகுந்தால் எந்தப் பம்பும் இழுக்காது.

பலர் கவனிக்காதது வயர். 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு முக்கால் சதுர மில்லிமீட்டர் வயரை மூன்று மீட்டர் தூரம் கொடுத்தால், போய்த் திரும்புவதற்குள்ளேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பம்பு முனகும், சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் வேண்டும். நம் கடலோரத்தில் செம்பு முனைகள் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பிடித்துவிடும். நமக்கு மழைக்காலமும் இரண்டல்லவா! முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இங்கே நிற்காது. வயர் முனையில் லக் (உலோக முனைத்துண்டு) அடித்து, சூடு காட்டினால் சுருங்கும் டியூப் போட்டு, மேலே வாசலின் தடவுங்கள்.

நான்கு மாடிக்குப் பெரிய பம்பு வேண்டாமா என்று கேட்கிறார்கள். 12 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற சுமார் 17 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், அதற்குமேல் ஹோஸ் உராய்வுக்கும் பிரஷ் முனைக்கும் கொஞ்சம். 60 பிஎஸ்ஐ பம்பே தாராளம். கம்பின் குழாயை மூடியதும் பம்பு ஒரேயடியாக நிற்க வேண்டும். மூடிய பிறகும் 'டக் டக்' என்று விட்டு விட்டு ஓடினால் தண்ணீர் வெளியே போகும் டெலிவரி பக்கம் எங்கோ கசிகிறது. அதைத் தேடாமல், பம்பைத் தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ஸ்குரூவைத் திருகுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை.

கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான் விட வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 10-க்குக் கீழே இருந்தால் துடைக்காமலே கறையின்றிக் காயும். முதல் அலசலுக்குக் கடலோர போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள், சாயங்காலம் நல்ல தண்ணீரை இரண்டு நிமிடம் பம்பில் ஓடவிட்டுத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உப்பு காய்ந்து வால்வு சரியாக மூடாது. மோட்டார் நன்றாகச் சுற்றும், பிரஷர் மட்டும் ஏறாது. டைல்ஸ் கழுவும் ஆசிடை இந்தப் பம்பில் விடவே விடாதீர்கள்.

அந்தத் தம்பியின் நான்காவது பம்பு பிளைவுட் பலகையில், மோட்டார் மேலே இருக்கும்படி மாட்டி ஒரு சீசன் ஓடிவிட்டது. போன வாரமும் கூப்பிட்டான், ஹோஸ் கிளிப் துருப் பிடித்துவிட்டதாம். ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.